ஊசி சிவப்பைத் தொடட்டும்!

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் பழைய ராக் குழுக்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'தி சோனிக்ஸ்' குழுவைக் குறிப்பிட்டிருந்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டகோமா நகரத்துக் குழு, 1960இல் தொடங்கியது, ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நான் எழுதியது அவ்வளவுதான். அந்த நான்கு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து பழகியவன் நான். இந்தக் குழுவைப் பற்றிப் பேச எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் அவர்களுக்கே.

*

கேள்வி: ஐயா, 1960இல் இருந்தவர்கள் வேறு, 1965இல் இசைத்தட்டில் வாசித்தவர்கள் வேறு, பிற்காலத்தில் மேடையேறியவர்கள் வேறு. பிறகு எப்படி அதை ஒரே குழு என்று சொல்கிறீர்கள்? பெயர்ப் பலகை மட்டும்தானே மிச்சம்?
– கல்லூரி மாணவர்

பதில்: தலையை எண்ணினால் உங்கள் கேள்வி நியாயமானது. எண்ணியே பார்ப்போம், தம்பி.

1960இல் லாரி பாரிபா என்ற பதின்வயது இளைஞர் கிதாருடன் குழுவைத் தொடங்கினார். டிரம்ஸுக்கு ஒருவர், இன்னொரு கிதாருக்கு ஒருவர் இருந்தார்கள். லாரியின் சகோதரர் ஒருவர் கொஞ்ச காலம் சாக்ஸபோன் வாசித்துவிட்டு விலகினார். அடுத்த ஆண்டு அண்ணன் ஆண்டி பாரிபா பேஸ் கிதாருக்கு வந்தார். முதல் பாடகர் மரிலின் லாட்ஜ் என்ற பெண். பிறகு பாடகர் மாறினார், டிரம்மர் மாறினார், சாக்ஸபோன்காரர் மாறினார். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓடின. அந்த நாள்களில் அவர்கள் வாசித்தது அந்த வட்டாரத்து நடன அரங்குகளில் எல்லோரும் வாசித்த இசைதான்.

1963 வாக்கில் மறுபடியும் டிரம்மர் தேவைப்பட்டது. வேறொரு உள்ளூர்க் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பாப் பென்னட்டைக் கண்டுபிடித்தார்கள். அதே குழுவில் இருந்த கீபோர்டுக்காரர் ஜெரி ராஸ்லியும் சாக்ஸபோன்காரர் ராப் லிண்டும் கூடவே வந்து சேர்ந்தார்கள். ஒருவரைத் தேடிப் போன இடத்தில் மூன்று பேர்! அதில் ராஸ்லி முதலில் கீபோர்டுக்காகத்தான் வந்தார்; 1964இல் அவரே பாடத் தொடங்கினார். பாடினார் என்று சொல்வது போதாது. நெஞ்சுக்கூட்டைப் பிளந்துகொண்டு வரும் கத்தல் அது. என் கணக்கில் சோனிக்ஸ் பிறந்தது 1960இல் அல்ல. ராஸ்லி ஒலிவாங்கிக்கு முன்னால் வாய் திறந்த அன்றுதான்.

அடுத்து, கலைந்த கதை. 1966க்கும் 1968க்கும் இடையில் லாரி, ஆண்டி, பென்னட், ராஸ்லி, லிண்ட் ஐவரும் ஒவ்வொருவராக விலகினார்கள். சிலர் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், சிலர் வேறு குழுக்களுக்குப் போனார்கள். பெயர் மட்டும் ஓயவில்லை. புதியவர்கள் அதை எடுத்து ஓட்டினார்கள். பிறகு 'ஜிம் பிரேடி அண்ட் தி சோனிக்ஸ்' என்றுகூட ஆனது. அவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குழுவை நான் சோனிக்ஸ் என்று எண்ணுவதில்லை. 1980இல் ராஸ்லி மட்டும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு பழைய பாடல்களை அதே பெயரில் மறுபடி பதிவு செய்தார். குரல் அவருடையதேதான். இருந்தும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

2007இல் ராஸ்லி, லாரி, லிண்ட் மூவரும் திரும்பி வந்தார்கள். டிரம்ஸும் பேஸும் புதியவர்கள் கையில். அதை நான் தயக்கமே இல்லாமல் சோனிக்ஸ் என்கிறேன். ஏன்? நான் பார்ப்பது எத்தனை பழைய ஆட்கள் என்பதை அல்ல. யாருடைய காதை நம்பி மற்றவர்கள் வாசிக்கிறார்கள் என்பதைப் பார்க்கிறேன். ஒரு குழுவில் யாரோ ஒருவர் அல்லது இருவர் 'இது சரி, இது சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லும் காதோடு இருப்பார்கள். சோனிக்ஸில் அந்தக் காது லாரியின் கிதாருக்கும் ராஸ்லியின் தொண்டைக்கும் நடுவில் எங்கோ இருந்தது. அது அறையில் இருந்தால், டிரம்ஸில் யார் உட்கார்ந்தாலும் அந்தக் காதுக்குப் பிடிக்கும்வரை அடித்தாக வேண்டும். அது இல்லையென்றால், ஐந்து பேரில் நான்கு பேர் பழையவர்களாகவே இருந்தாலும் வேறு குழுதான்.

*

கேள்வி: சோனிக்ஸ் என்ற பெயருக்கு என்ன பொருள்?
– பள்ளி மாணவி

பதில்: ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் விமானம் வானத்தில் ஒரு வெடியோசையை எழுப்பும். அதற்கு ஆங்கிலத்தில் 'சோனிக் பூம்' என்று பெயர். டகோமாவுக்குப் பக்கத்திலேயே மெக்கார்ட் விமானப்படைத் தளம் இருந்தது. தலைக்கு மேலே கேட்ட சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்டார்கள். 1966இல் வந்த அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டின் பெயரும் 'பூம்'தான். 2008 வரை சியாட்டிலில் இருந்த கூடைப்பந்து அணிக்கும் இதே மாதிரிப் பெயர் இருந்தது; அது பிறகு வந்தது, இவர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

*

கேள்வி: 'கராஜ் ராக்' என்றால் கார் நிறுத்தும் கொட்டகையில் பதிவு செய்த இசையா?
– அஞ்சல் துறை ஊழியர்

பதில்: பதிவு செய்ததல்ல, பழகியது. 1960களில் அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கார் கொட்டகை இருந்தது, மலிவு விலை மின்கிதார் இருந்தது, பள்ளி விட்டுவந்த பையன்களுக்கு மாலைப்பொழுது இருந்தது. அங்கே பழகிய இசைக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் பிற்பாடு வந்த ரசிகர்களும் எழுத்தாளர்களும். சோனிக்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர்களைப் பொறுத்தவரை அது வெறும் ராக் அண்ட் ரோல். பீட்டில்ஸ் அமெரிக்காவுக்கு வந்த 1964க்குப் பிறகுதான் எல்லாக் கொட்டகையிலும் குழு முளைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். வடமேற்கு அமெரிக்காவுக்கு அது பொருந்தாது. டகோமாவிலேயே 'தி வெய்லர்ஸ்' குழு 1959இல் நாடு முழுவதும் கேட்ட ஒரு கருவியிசைப் பாடலைத் தந்துவிட்டது. அவர்களைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் சோனிக்ஸ்.

*

கேள்வி: நான் கிதார் கற்கிறேன். அவர்களுடைய அந்தக் கரகரப்பான ஒலி எனக்கு வேண்டும். கைப்பேசியில் செயலி போட்டுப் பார்த்தேன், காலால் மிதித்துக் கிதாரின் ஒலியை மாற்றும் விலை உயர்ந்த பெடல் வாங்கிப் பார்த்தேன். கிட்டத்தில்கூட வரவில்லை. என்ன செய்வது?
– கிதார் மாணவர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் உதவியாளனாகச் சேர்ந்தபோது என் ஆசிரியர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: ஒலியளவைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தொடக் கூடாது. தொட்டால் அவர் பேச மாட்டார். என் கையை விசையிலிருந்து எடுத்துவிட்டுத் தானே குறைப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே பத்து ஆண்டுகள் வேலை செய்தேன். அப்படிப்பட்ட நாள்களில் ஒரு நண்பர் நாடாவில் பதிந்து கொண்டுவந்த சோனிக்ஸ் பாடல்களை எங்கள் இயந்திரத்தில் ஓடவிட்டேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து நாடா உரசும் இடத்தைத் துடைத்தேன், மறுபடி ஓடவிட்டேன். அதே ஒலி. வேறொரு நாடாவைப் போட்டேன். அது சுத்தமாகப் பாடியது. கெட்டது இயந்திரம் அல்ல, அவர்கள் அப்படித்தான் பதிவு செய்திருக்கிறார்கள் என்று புரிந்தபோது நான் நாற்காலியில் உட்காரவில்லை, எழுந்து நின்றேன்.

அது எப்படி நடந்தது? அவர்களுடைய முதல் இசைத்தட்டு 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்' 1965இல் வந்தது. சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்ற ஒலிப்பதிவாளரின் கூடத்தில் பதிவானது. இரண்டே தடங்கள் கொண்ட நாடா இயந்திரம். மொத்த டிரம்ஸுக்கும் ஒரே ஒரு ஒலிவாங்கி. இன்று ஒரு டிரம்ஸுக்கு எட்டு, பத்து ஒலிவாங்கி வைக்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பிறகு செதுக்குகிறோம். அங்கே செதுக்க இடமே இல்லை. பாப் பென்னட் அடித்த அடி அந்த ஒற்றை ஒலிவாங்கியின் வழியே, அறையின் எதிரொலியையும் இழுத்துக்கொண்டு நாடாவில் விழுந்தது. பிற்காலத்தில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அந்த டிரம்ஸ் ஒலியைத் தனக்கு மிகவும் பிடித்த டிரம்ஸ் ஒலி என்றே பாராட்டினார்.

கிதார் கதை இன்னும் விசேஷம். லாரி பாரிபாவுக்கு ஆம்ப்ளிஃபையரைச் சும்மா விடத் தெரியாது. தாங்கும் அளவுக்கு மேலே முடுக்குவார். ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றுவார். பனிக்கட்டியைக் குத்தி உடைக்கும் கூர்க்கம்பியை எடுத்து ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் ஓட்டை போடுவார்.

ஆம்ப்ளிஃபையரை அளவு மீறி முடுக்கினால் ஒலியலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படித் தட்டையாகும்போது, நீங்கள் மீட்டிய சுரத்தோடு அதன் மடங்குகளாக மேல்சுரங்களும் புதிதாகப் பிறக்கும். ஒரு கம்பியை மீட்டினால் ஒரு கூட்டமே பேசுவது போலக் கேட்பது அதனால்தான். கிழிந்த கூம்போ காற்றில் படபடத்துத் தன் பங்குக்கு ஒரு சிலம்பலைச் சேர்க்கும். இதெல்லாம் நாடாவுக்கு வந்து சேரும்போது, இதற்குமேல் ஏற்க முடியாது என்ற நிலையில் காந்தத் துகள்கள் ஒலியை நசுக்கித் தடிக்க வைக்கும். ஆக, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கரகரப்பு. உங்கள் பெடல் இதில் ஒன்றை மட்டும் தருகிறது. அதையும் அளந்து தருகிறது.

'பூம்' இசைத்தட்டுக்கு டகோமாவிலேயே வேறொரு கூடத்துக்குப் போனார்கள். அங்கே எதிரொலியை உறிஞ்சுவதற்காகச் சுவரில் முட்டை அடுக்கும் அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். குழுவினர் அவற்றைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அறை அவர்களோடு சேர்ந்து கத்த வேண்டும் என்று விரும்பினார்கள். என் கூடத்தில் யாராவது அப்படிச் செய்திருந்தால் எனக்கு உயிரே போயிருக்கும். ஆனாலும் அந்த இசைத்தட்டைக் கேட்கும் ஒவ்வொரு முறையும், பிய்த்தது சரி என்றே சொல்கிறேன்.

உங்களுக்கு என் யோசனை: பெடலைக் கழற்றிவிடுங்கள். சிறிய, பலம் குறைந்த ஆம்ப்ளிஃபையர் ஒன்றை முழுவதுமாகத் திருப்பி வையுங்கள். மெத்தை, திரைச்சீலை இல்லாத அறையில் நண்பர்களோடு ஒன்றாக நின்று வாசியுங்கள். ஒரே ஒரு ஒலிவாங்கியை நடுவில் வைத்து, யார் சத்தம் அதிகமோ அவரைப் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். ஊசி சிவப்பைத் தொடட்டும். தவறாக வாசித்தால் முதலிலிருந்து வாசியுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள். ஸ்பீக்கரில் ஓட்டை மட்டும் போட வேண்டாம். அது லாரியோடு போகட்டும்.

*

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு. நண்பர்கள் நால்வரோடு குழு வைத்திருக்கிறான். டிரம்ஸ் வாசித்த பையன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான். 'எல்லாம் முடிந்துவிட்டது' என்று இவன் கிதாரைத் தொடுவதே இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது?
– ஒரு தாய்

பதில்: அம்மா, மகனுக்கு எதுவும் சொல்ல வேண்டாம், முதல் கேள்விக்கு நான் எழுதியிருக்கும் பதிலை அவனிடம் படிக்கக் கொடுங்கள். சோனிக்ஸுக்கு டிரம்மர் போனதால்தான் பென்னட் வந்தார். பென்னட் வந்ததால்தான் ராஸ்லியும் லிண்டும் வந்தார்கள். பழைய டிரம்மர் போகாமலே இருந்திருந்தால் அந்தப் பெயரை இன்று நானும் கேள்விப்பட்டிருக்க மாட்டேன், நீங்களும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

உங்களுக்காக ஒரு செய்தி வைத்திருக்கிறேன். குழு தொடங்கிய காலத்தில், ஒத்திகையில் பேஸ் வாசிக்க ஆள் இல்லாதபோது, லாரியின் அம்மாவே சில நேரம் பேஸ் கிதாரை எடுத்து வாசித்திருக்கிறார். எனக்கு இந்தக் குழுவின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மேடையில் அவர் நின்றதில்லை, இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் அந்த மாலைகளில் அவர் அந்த இடத்தை நிரப்பாமல் இருந்திருந்தால் பையன்கள் வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆகவே, ஒத்திகை நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பையன்கள் வரும்போது, ஏதாவது ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நீங்களே தாளம் போடுங்கள். தாளம் தவறினாலும் பரவாயில்லை. புது டிரம்மர் வரும்வரை அந்த நாற்காலி காலியாகத் தெரியாமல் இருந்தால் போதும்.

*

கேள்வி: இவ்வளவு சிறந்த குழு என்றால் ஏன் அந்தக் காலத்தில் உலகப் புகழ் பெறவில்லை?
– வங்கி ஊழியர்

பதில்: முதல் காரணம், அவர்களை வெளியிட்ட 'எட்டிக்கெட்' நிறுவனம் சிறியது. வெய்லர்ஸ் குழுவினர் தாங்களே தொடங்கிய உள்ளூர் நிறுவனம் அது. பக் ஆர்ம்ஸ்பி என்ற வெய்லர்ஸ் பேஸ் கலைஞர்தான் சோனிக்ஸைக் கண்டுபிடித்து அழைத்துவந்தார். 1964 நவம்பரில் அவர்களுடைய முதல் பாடல் 'தி விட்ச்' வெளியானது. அந்த வட்டாரத்தில் மிக அதிகமாக விற்ற உள்ளூர்ப் பாடல்களில் அதுவும் ஒன்று. ஆனால் வட்டாரத்தைத் தாண்டி நாடு முழுவதும் கொண்டுசேர்க்க எட்டிக்கெட்டுக்குக் கை நீளவில்லை. பாடலின் பொருளும் குரலும் முரட்டுத்தனமாக இருந்ததால் வானொலியிலும் தாராளமாக ஒலிபரப்பவில்லை. சூனியக்காரி, மனப்பித்து, நஞ்சை விரும்பிக் குடிப்பவன் என்று பாடினால் பகலில் யார் ஒலிபரப்புவார்கள்?

இரண்டாவது காரணம்தான் எனக்கு வருத்தமானது. 1966இல் நிறுவனத்தை மாற்றி 'ஜெர்டன்' என்பதற்குப் போனார்கள். பதிவுக்காக ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் கூடத்துக்குச் சென்றார்கள். லாரி லெவின் என்ற தேர்ந்த ஒலிப்பதிவாளர்; பெரும் வெற்றிப்பாடல்கள் பிறந்த அறை. இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் வெளிவந்த இசைத்தட்டில் முடி வாரி, பவுடர் பூசிய சோனிக்ஸ்தான் இருந்தார்கள். குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. நான் முதலில் சொன்ன காது இங்கே தோற்றுப்போனது. நல்ல கூடம், நல்ல கருவி, நல்ல கை எல்லாம் இருந்தன. 'இந்த அட்டையைப் பிய்த்து எறி' என்று சொல்லத்தான் அந்த அறையில் யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொருவராக விலகியதில் எனக்கு வியப்பில்லை.

*

கேள்வி: உங்கள் பத்தியை நீண்ட காலமாகப் படிக்கிறேன். நல்ல இசையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது இரைச்சலைப் பற்றி எழுதுகிறீர்கள். பேரன் அந்தப் பாடல்களைப் போட்டுக் காட்டினான். தலைவலிதான் வந்தது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: வணக்கம் ஐயா. உங்களுக்குத் தலைவலி வந்ததில் தவறே இல்லை. ஆனால் இரைச்சல் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்க மாட்டேன். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. 'தி விட்ச்' பாடலின் தொடக்கத்தை மறுபடி ஒருமுறை, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். கிதாரும் பேஸும் சாக்ஸபோனும் கீழ்ச்சுரங்களில் ஒரே தொடரை ஒன்றாக வாசிக்கும். மூன்று கருவிகள் என்று பிரித்தறிய முடியாதபடி அவ்வளவு ஒட்டி வாசிப்பார்கள். அந்தத் தொடர் முடிகிற இடைவெளியில் டிரம்ஸ் உருண்டு வந்து பதில் சொல்லும். மறுபடி தொடர், மறுபடி பதில். கேள்வியும் பதிலுமாக அமைந்த அமைப்பு அது. குரல் அதற்குமேல் வருகிறது. ராஸ்லி கத்தும்போதும் சுருதியை விட்டு விலகுவதில்லை. ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்டைக் கேட்டுக் கற்ற தொண்டை. இத்தனை கட்டுப்பாட்டோடு இருப்பதால்தான் கட்டுப்பாடே இல்லாதது போலக் கேட்கிறது. பேரனை அனுப்பிவிட்டுத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அதன்பிறகும் தலைவலி வந்தால் என்னைத் திட்டி எழுதுங்கள், அப்படியே அச்சிடுகிறேன்.

*

கேள்வி: கலைந்த பிறகு நாற்பது ஆண்டுகள் அவர்கள் என்ன செய்தார்கள்? வயதான காலத்தில் திரும்பி வந்தது பணத்துக்காகத்தானே?
– மருந்துக் கடை நடத்துபவர்

பதில்: ராப் லிண்ட் கடற்படை விமானியாக வியட்நாம் போருக்குப் போனார், பிறகு பயணிகள் விமானம் ஓட்டினார். வானத்தின் வெடியோசையைப் பெயராக வைத்துக்கொண்ட குழுவிலிருந்து ஒருவர் விமானி ஆனது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது. லாரி காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தார். ராஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழில் நடத்தினார். பென்னட் ஹவாய்க்குக் குடிபெயர்ந்தார். இடையில் 1972இல் ஒரே ஒரு முறை, சியாட்டிலின் பாரமவுண்ட் அரங்கில் சேர்ந்து வாசித்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் இசைத்தட்டு சும்மா இருக்கவில்லை. பழைய பிரதிகள் கைமாறின, மறுபதிப்புகள் வந்தன, ஐரோப்பாவில் இளைஞர்கள் அவற்றைக் கேட்டுக் குழு தொடங்கினார்கள். ரிச்சர்ட் பெரி எழுதி இவர்கள் வாசித்த 'ஹேவ் லவ் வில் டிராவல்' 2004இல் ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்தது. தார் போடுகிறவரின் இருபது வயதுக் குரல், அவருக்குத் தெரியாத ஊர்களில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

2007 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த கராஜ் ராக் விழாவில் மேடையேறினார்கள். 2008 அக்டோபர் 31 அன்று, 1972இல் வாசித்த அதே பாரமவுண்ட் அரங்குக்குத் திரும்பினார்கள். பணம் கிடைத்திருக்கும், கிடைக்கட்டும், அதில் என்ன குறை? முதல் முறை அவர்களுக்குப் போதுமான பணம் வரவில்லை. பணத்துக்காக மட்டும் வந்தவர்கள் பழைய பாடல்களை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர்கள் 2015இல் 'திஸ் இஸ் தி சோனிக்ஸ்' என்று புதிய இசைத்தட்டையே தந்தார்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜிம் டயமண்ட் தயாரிப்பாளர். பதிவு இரட்டை ஒலி (ஸ்டீரியோ) அல்ல, 1965இல் போல ஒற்றை ஒலி (மோனோ). பேஸில், முன்பு 'கிங்ஸ்மென்' குழுவில் இருந்த ஃபிரெடி டென்னிஸ். டிரம்ஸில், கிதார் கலைஞர் டிக் டேலுடன் வாசித்த டஸ்டி வாட்சன்.

நான் அந்த இசைத்தட்டை வாங்கிய அன்று, எழுபதை நெருங்கியவர்களின் இசைத்தட்டு என்ற இரக்கத்தோடுதான் ஊசியை வைத்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் இரக்கம் போய்விட்டது. டஸ்டி வாட்சன் பென்னட்டைப் போல நடிக்கவில்லை. பென்னட் அடித்த இடத்தின் மேலேயே, தன் கையால், அதே பலத்தோடு அடித்தார். அதை அனுமதித்ததும் லாரியின் காதுதான்.

2016 வாக்கில் லாரியும் ராஸ்லியும் சுற்றுப்பயணத்திலிருந்து ஓய்வு பெற்றார்கள். அதன்பிறகு ராப் லிண்ட், இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு மேடைகளில் வாசித்தார். முதல் கேள்வி கேட்ட தம்பி இதையும் கேட்பார்: அது சோனிக்ஸா? இங்கே எனக்கு உறுதி குறைகிறது. ராஸ்லியின் குரல் இல்லாத சோனிக்ஸை என் மனம் ஏற்கத் தயங்குகிறது. ஆனால் 1964இல் அந்த அறையில் சாக்ஸபோனோடு நின்ற ஒருவர் மேடையில் நின்று 'இது சரியில்லை, மறுபடி' என்று சொல்லும்வரை, இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

*

கேள்வி: கலையாமலேயே நீண்ட காலம் ஓடிய கராஜ் குழு உண்டா?
– அச்சகப் பணியாளர்

பதில்: நியூயார்க்கின் குவீன்ஸில் 1976இல் தொடங்கிய 'தி ஃபிளெஷ்டோன்ஸ்'. பீட்டர் சரெம்பாவும் கீத் ஸ்ட்ரெங்கும் தொடக்கத்திலிருந்து இருக்கிறார்கள். டிரம்ஸில் பில் மில்ஹைசர் 1980இல் சேர்ந்தார், பேஸில் கென் ஃபாக்ஸ் 1990இல் சேர்ந்தார். பெரிய வெற்றி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாமலே, ஆண்டு தவறாமல் வாசித்தவர்கள். இவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அடுத்த இதழ்களில் எழுதுகிறேன்.

*

கேள்வி: இதுவரை இந்தக் குழுவைக் கேட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?
– இல்லத்தரசி

பதில்: 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்'. பன்னிரண்டு பாடல்கள், எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்தான். அதில் நான்கு அவர்கள் சொந்தமாக எழுதியவை: 'தி விட்ச்', 'பாஸ் ஹாஸ்', 'சைக்கோ', 'ஸ்ட்ரிக்னைன்'. மற்றவை பிறர் பாடல்கள். 'சைக்கோ'விலிருந்து தொடங்குங்கள். காதில் செருகும் கருவி வேண்டாம். அறையில் ஸ்பீக்கரில் போடுங்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். ஒரே ஒரு ஒலிவாங்கி என்று சொன்னேன் அல்லவா, அதன் வழியாக அந்த அறையின் சுவரும் உங்களுக்குக் கேட்கும்.